மேற்கே கடல் உள்ள மனை

மலாயாவில் லிங்கிக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே, கடலோரத்தில், என் தமையனார் வரைந்து எழுப்பிய கான்கிரீட் வீட்டைப் பற்றிப் பல கதைகள் என் செவிக்கு எட்டியுள்ளன. அது படையினருக்காகக் கட்டப்பட்ட காவல் அரண் என்றார் ஒருவர். கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர் வரைந்தது என்றார் மற்றொருவர். அதன் அடியில் சுரங்கம் இருக்கிறது என்று, அங்கே கால் வைத்தே அறியாத ஒருவர், என்னிடமே உறுதியாகச் சொன்னார். பொய் சொல்லும் எண்ணம் இவர்களில் எவருக்கும் இருந்ததாக நான் கருதவில்லை. காட்டிலிருந்த கிளர்ச்சிக்காரரை ஒடுக்க வெள்ளை அரசு அறிவித்த அவசரகாலத்தில் செய்தி வந்து சேராத இடங்களையெல்லாம் கதை வந்து நிரப்பியது; அப்பழக்கம் அவசரகாலம் நீங்கிய பின்னும் நீங்கவில்லை. ஆகவே நான் நேரில் கண்டவற்றையும், வேலை நடந்த காலத்தில் தமையனார் என்னிடம் கூறி, பின்னர் அவருடைய வரைபடங்களோடு நான் ஒப்பிட்டுப் பார்த்தவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருப்பதாக எவரும் உரிமை கோர இயலாது. எனினும் இங்குத் தந்திருப்பவை, பிற்காலத்தில் நாங்கள் இருவரும் பலமுறை பேசிப் பார்த்து, இருவர் நினைவும் ஒத்துப்போனவை. ஒத்துப்போகாதவற்றை விட்டுவிட்டேன்.

அக்காலத்தில் நான் லிங்கியை அடுத்த ரப்பர்த் தோட்டம் ஒன்றின் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். தமையனார் சிரம்பானில் ஒரு கட்டட அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தார். பிறர் எண்ணிய வீடுகளைப் பிறர் பெயரில் வரைவதே அவருடைய வேலை. தோட்டம் ஒரு தமிழருக்கு உரியது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரிலிருந்து இளமையில் வந்து, குத்தகை வேலை எடுத்து, நிலம் சேர்த்தவர் அவர். எல்லாரும் அவரை முதலாளி என்றே அழைத்தனர். அவருடைய துணைவியாரும் அதே ஊரில் பிறந்து, மணமாகிக் கப்பலேறி வந்தவர்; அவரை நாங்கள் அம்மையார் என்போம்.

தோட்டத்தைச் சுற்றி முள்வேலி இருந்தது. மாலையில் வாயில் அடைபட்டால் மறுநாள் காலையில்தான் திறக்கும். பால்மரம் சீவச் செல்வோரின் வாளிகளில், காட்டிலுள்ளோருக்குக் கொண்டுபோகும் அரிசி ஒளிந்திருக்கிறதா என்று காவலர் கைவிட்டுப் பார்ப்பர். ஒரு மாலையில் மரங்களுக்கு இடையிலிருந்து எவரோ முதலாளியின் பங்களாவை நோக்கிச் சுட்டனர். நான் அப்போது அங்கில்லை; சுவரில் இருந்த குண்டுத் தழும்பைப் பின்னர்ப் பார்த்தேன். எவருக்கும் காயமில்லை. ஆயினும் அதன் பிறகு முதலாளி சன்னல்கள் அனைத்துக்கும் பலகை அறைந்து, வெளியே மணல் மூட்டைகளை அடுக்கச் செய்தார். வெயிலும் காற்றும் அந்த வீட்டை விட்டு வெளியேறின.

அம்மையாருக்கு அந்த இருள் ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சு முட்டுகிறது என்பார். மருத்துவர் வந்து பார்த்து நோய் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சென்றார். பகலில் திறந்திருந்த ஒரே கதவு சமையலறையின் பின்கதவு. அவர் அதன் நிலையில் சாய்ந்து நின்றபடியே உணவு உண்பதை நான் கண்டிருக்கிறேன். பள்ளி முடிந்ததும் அவரோடு அமர்ந்து நூல் படிப்பது என் வழக்கமாக இருந்தது. ஒரு பக்கம் படிப்பதற்குள் எழுந்து அந்தக் கதவருகே போய்விடுவார். அங்கிருந்தே, "நீங்க படிங்க டீச்சர், காது இங்கதான் இருக்கு" என்பார்.

ஒருநாள் அவ்வாறு நின்றவர் திரும்பாமலே கேட்டார்.

"ஒங்க அண்ணன் வீடு வரையறவராமே? எனக்கு ஒண்ணு வரைஞ்சு குடுப்பாரா, சொவரே இல்லாம?"

"சுவரு இல்லாம வீடு எப்படிம்மா நிக்கும்?"

"மூணு பக்கம் இருந்துட்டுப் போவட்டும். ஒரு பக்கமாச்சும் தொறந்து கெடக்கணும். கடலப் பாத்து. இல்லேன்னா இந்தப் பொட்டிக்குள்ளயே நான் போய்ச் சேந்துருவேன் டீச்சர்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் கை நிலைக்கட்டையை இறுகப் பற்றியிருந்தது.

முதலாளியிடம், உலகப் போருக்கு முன் வாங்கிய கடலோர மனை ஒன்று வெறுமனே கிடந்தது. மனைவியின் உடல் மெலிவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆதலால் அவர் உடனே இசைந்தார். தமையனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்தார். முதலாளி தம் விருப்பத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"தம்பி, தலைவாசல் கெழக்குப் பாத்து இருக்கணும். வாசல்ல நின்னா நேரா கடல் தெரியணும். காலைல வெயிலு கடல்லேர்ந்து வந்து சாமி ரூம்புல விழணும். அவ்வளவுதான். மத்தது ஒங்க இஷ்டம்."

தமையனார் குறித்துக்கொண்டார். அம்மையார் தலையசைத்தார். நானும் அருகிலிருந்து கேட்டேன். அச்சொற்களில் பிழை ஏதும் இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதை விளக்க வேண்டும். நாங்கள் பிறந்து வளர்ந்தது பகாவ் பக்கத்துத் தோட்டம். எத்திசையில் நடந்தாலும் அங்கே கடல் இல்லை. எங்கள் தாயார் சோழநாட்டுக் கடற்கரையில் பிறந்தவர். கடல் என்றால் அவர் பேச்சில் எப்போதும் கதிரவன் எழும் இடம்தான். அந்தக் கடலைத்தான் நாங்கள் முதலில் அறிந்தோம். முதலாளியும் அம்மையாரும் அக்கரையில் பிறந்து, அக்கடலில் காலை வெயிலைக் கண்டு வளர்ந்தவர்கள். போர்ட்டிக்சன் கரையில் மாலைச் சூரியன் நீரில் இறங்குவதை நாங்கள் அனைவரும் எப்போதேனும் பார்த்தே இருந்தோம். பார்த்தது கண்ணோடு நின்றது. மனத்திலிருந்த கடல் இடம் பெயரவில்லை.

அந்நாளில் கரையோரச் சாலையின் அப்பகுதிக்குச் செல்லக் காவல்துறையின் இசைவு வேண்டும். அது எளிதில் கிடைக்கவில்லை. ஆகையால் தமையனார் மனையைப் பாராமலே வரையத் தொடங்கினார். நில அளவைப் படத்தில் வடக்குக் குறி தெளிவாகவே இருந்தது. அவர் மனையின் எல்லைக்கோடுகளை மட்டும் மெல்லிய தாளில் படியெடுத்து, அத்தாளைப் பலகையில் பொருத்தியபோது, கடல் வலப்பக்கம், அதாவது கிழக்கே, வருமாறு பொருத்திவிட்டார். அதற்குமேல் அவர் கை ஐயமின்றி ஓடியது. கடலை நோக்கி அகன்ற கூடம்; அதற்குக் கதவும் இல்லை, சுவரும் இல்லை, காலை இளவெயில் தாராளமாக நுழையட்டும் என்று. நிலத்தை நோக்கிய பக்கத்தில், மாலை வெயிலைத் தடுக்க வெளியே நீண்ட கூரை. அழகிய படம் அது. அம்மையார் அதை மடியில் வைத்துக்கொண்டு, கூடத்தின் மீது விரலை ஓட்டி, "இங்க உக்காந்து பூத்தொடுப்பேன்" என்றார். பல வாரங்கள் அப்படம் பங்களாவின் இருட்டில் விளக்கொளியில் விரிக்கப்பட்டு மடிக்கப்பட்டது. வந்தவர் எல்லாரும் பார்த்தனர், எல்லாரும் புகழ்ந்தனர். அவர்களும் பெரும்பாலும் அக்கரைக்காரர்களே.

இசைவு கிடைத்த நாளில் முதலாளி, அம்மையார், தமையனார், நான் நால்வரும் தோட்டத்து வண்டியில் மனைக்குச் சென்றோம். நண்பகல் கடந்திருந்தது. வானம் மூடியிருந்ததால் வெயில் தெரியவில்லை. தமையனார் முளைகள் அடித்துக் கயிறு கட்டினார். கூடம் வரவேண்டிய இடத்தில் பாய் விரித்து அம்மையார் கடலைப் பார்த்து அமர்ந்தார். அவர் முகத்தில் அத்தகைய நிறைவை நான் அதற்குமுன் கண்டதில்லை. அப்போது மேகம் விலகியது. சாய்ந்த வெயில் கடலின் மேலாக நேரே வந்து எங்கள் கண்ணில் அறைந்தது. அம்மையார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

முதலாளி புருவத்தின் மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மீண்டும் கடலைப் பார்த்தார்.

"என்னா தம்பி, சூரியன் தப்பான பக்கம் எறங்குது?"

வண்டியோட்டி மரநிழலில் படுத்திருந்தவர், எழாமலே விடை சொன்னார்.

"இங்க எப்பவுமே அந்தப் பக்கந்தான் லா எறங்கும், மொதலாளி."

தமையனாரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் எதையும் மறைக்கவோ, மழுப்பவோ முயலவில்லை. "படத்த நான் திருப்பி வெச்சிட்டேன், மொதலாளி. தப்பு என்னுது" என்றார். முதலாளி முதலில் திகைத்தார். பின்பு தொடையில் தட்டிச் சிரித்தார். "நீ வரைஞ்ச. நான் சொன்னேன். இவ பாத்தா. டீச்சரும் பாத்தாங்க. நாலு பேருக்கும் ஊருக் கடலு! சரி வுடு. அந்தப் பக்கம் சொவரு எழுப்பிடு. வெயிலும் வராது, எவனும் வரமாட்டான்."

அம்மையார் முந்தானையை எடுத்தார்.

"சொவரு எழுப்பறதுன்னா எனக்கு இந்த வீடு வேணாங்க. அங்கியே இருந்துக்கறேன். அங்கயாச்சும் பின்கதவு ஒண்ணு இருக்கு."

தமையனார் முளைகளைப் பிடுங்கிக் கயிற்றைச் சுருட்டினார்.

முதலாளியின் சொல் எளிய தீர்வு. அலுவலகத்தில் எவரிடம் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பர். சுவர் எழுப்பினால் வீடு நிற்கும், தமையனாருக்கும் வேலை நிலைக்கும். அம்மையார் மட்டும் ஓர் இருளிலிருந்து மற்றோர் இருளுக்குப் போவார். தமையனார் அந்தப் படத்தைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, வெற்றுத் தாளோடு மறுபடி தொடங்கினார். இம்முறை வடக்குக் குறியைத்தான் முதலில் இட்டார்; அளவுக்கு மீறிப் பெரிதாக இட்டார்.

முதற்படத்தைவிட இரண்டாம் படத்தை நான் வியப்பதற்குக் காரணம் உண்டு. முதலாவது, விருப்பத்தை வரைந்தது. இரண்டாவது, அந்த மனையில் உண்மையாகவே வீசும் வெயிலையும் காற்றையும் அச்சத்தையும் எதிர்கொண்டது. தலைவாசலைக் கிழக்கே, சாலைப் பக்கம் வைத்தார். வாசலிலிருந்து சிறு முற்றத்தின் வழியாகக் கூடம் வரை இடையில் தடையே இல்லை. வாசலில் நிற்பவருக்கு வீட்டின் ஊடாகச் சாய்கோணத்தில் கடல் தெரியும். காலை வெயில் முற்றத்தில் இறங்கி, சாமி அறையைத் தொட்டுவிட்டுப் போகும். இதுவரை எளிது. கடலை நோக்கிய பக்கம்தான் கடினம். கூரையை எவ்வளவு நீட்டினாலும், தாழ்ந்து வரும் மாலை வெயில் அதன் கீழாக நுழைந்துவிடும்.

தோட்டத்து ஸ்டோரில் உலர்ந்துகொண்டிருந்த ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை வெட்டி, தீப்பெட்டிகளின் மேல் கூரையாக வைத்துப் பார்த்தார். அது தொய்ந்தது. விளிம்பை மடித்துவிட்டபோது தொய்யாமல் நின்றது. கான்கிரீட்டும் அவ்வாறே நிற்கும் என்று சொல்லி, கூரையின் விளிம்பைக் கீழ்நோக்கி மடித்து வரைந்தார். பின்பு தீக்குச்சிகளை அதன் கீழே வரிசையாக நட்டார். ஒவ்வொன்றையும் சற்றே திருப்பினார். விளக்கைத் தாழப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, இந்தப் பக்கம் வந்து பாரு, இப்ப அந்தப் பக்கம்" என்று என்னை அலைக்கழித்தார். நேரே பார்த்தால் குச்சிகளே தெரிந்தன. சாய்வாகப் பார்த்தால் இடைவெளிகள் திறந்தன. மேற்கிலிருந்து நேரே வரும் வெயில் தடுக்கப்படும். தென்மேற்கே கடல் திறந்து கிடக்கும். குச்சிகளின் இடத்தில், தரையிலிருந்து கூரை வரை உயர்ந்த கான்கிரீட் பலகைகள். சன்னல் இல்லை, கம்பி இல்லை, கதவு இல்லை.

முதலாளி தாளை நம்ப மறுத்தார். ஒருமுறை பட்டவர் அல்லவா? ஆதலின் தமையனார் ஸ்டோரின் முன்முற்றத்தில், மேற்குப் பார்த்த பக்கத்தில், மரப்பலகைகளை உண்மை அளவில் நட்டு நிறுத்தினார். வேலை முடிந்த பிற்பகலில் தோட்டமே கூடிவிட்டது. எவரும் உள்ளே நுழைய முடியாது என்று காட்டுவதற்காக முதலாளி வண்டியோட்டியை ஏவினார். பருத்த உடலினர் அவர். ஒரு தோள் போயிற்று, வயிறு நின்றுவிட்டது.

"டிரைவரண்ணே, தொப்பைய வீட்டுல வெச்சிட்டு வந்துருக்கலாம்லா!" என்றாள் ஷீட் அடிக்கும் பெண் ஒருத்தி.

"இழுங்கடி, சிரிக்காம!" என்றார் அவர், பலகைகளுக்கு நடுவிலிருந்து.

"இவன் குண்டன்யா. ஒல்லியா ஒருத்தன் வந்தா?" என்றார் முதலாளி.

தமையனார் சட்டையைக் கழற்றிவிட்டுத் தாமே முயன்றார். அவரைவிட மெலிந்தவர் அத்தோட்டத்தில் இல்லை. அவராலும் தோளுக்குமேல் நுழைய இயலவில்லை. அங்கே சிக்கியபடியே சொன்னார்: "என்னைய விட ஒல்லியா ஒருத்தன் வந்தான்னா, மொதலாளி, அவன் சுட வரல, பசில வர்றான். சோறு போட்டு அனுப்புங்க." காவலர் உட்பட எல்லாரும் சிரித்தனர். சிரித்து முடித்ததும் முதலாளி அடுத்ததைக் கேட்டார்.

"மழைக்கு என்னா பண்ணுவ? சுமாத்ராக் காத்து அந்தப் பக்கந்தானே அடிக்கும்?"

"உள்ள வரட்டும். தரை கடலப் பாத்துச் சரிஞ்சிருக்கும். வந்த வழியே போயிடும். கட்டிலு மட்டும் உள்ளாற, ஒரு படி ஒசரத்துல."

"வீட்டுக்குள்ள மழை! கேட்டுக்கடி" என்று முதலாளி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மையார் அதற்குள் பலகைகளின் பின்னால் போய்த் தரையில் அமர்ந்துவிட்டிருந்தார். வெயில் பலகைகளில் விழுந்து அவர்மேல் விழாமல் நின்றது. இடைவெளிகளின் வழியே முற்றமும், அப்பால் மரங்களும், காற்றும் அவருக்கு வந்துகொண்டிருந்தன.

"தம்பி, இதுல பூட்டறது எங்க?"

"பூட்டறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா."

"அப்ப, மூடவே முடியாது?"

"நெனச்சாலும் முடியாது."

அம்மையார் பலகை ஒன்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். முதலாளி அவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கட்டு" என்று தமையனாரிடம் ஒரே சொல்லில் சொல்லிவிட்டு நடந்தார்.

தமையனாரின் அலுவலகத்து மேலாளர் இரண்டாம் படத்தை ஆராய்ந்து ஒப்பமிட்டார். கட்டும் பணியில் தமையனார் காட்டிய நுட்பம் ஒன்றைக் கூறாமல் விடுவது முறையன்று. கான்கிரீட்டை ஒரு பகுதி முடியும்வரை நிறுத்தாமல் வார்க்க வேண்டும். நடுவில் நிறுத்திய இடம் பிறகு ஒட்டாத வடுவாகத் தெரியும். அங்கோ ஊரடங்கு இருந்தது. சிமெண்டு ஏற்றிய லாரி காவல் சாவடிதோறும் நின்றது. மணலுக்குள் அரிசி இருக்கிறதா என்று இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தனர். ஒருநாள் எவ்வளவு வேலை நடக்கும் என்பதைக் காவலரே முடிவு செய்தனர் எனலாம். கட்டும் வேலையைக் குத்தகை எடுத்த சீனர் கையை விரித்தார். தமையனார் கூரையை முன்கூட்டியே பட்டைகளாகப் பிரித்து வரைந்தார். ஒரு பட்டை ஒரு பகலில் முடியும். ஒவ்வொரு பட்டையும் கீழே நிற்கும் பலகை ஒன்றின் நேர்மேலே முடியும். இரு பட்டைகள் சேருமிடத்தில் மெல்லிய பள்ளக்கோடு ஒன்றை வேண்டுமென்றே விட்டார். முடிந்த கூரையில் அக்கோடுகள் ஒழுங்கான நிழல்வரிகளாக அமைந்தன. அதை அழகுக்காகச் செய்தது என்றே பலரும் எண்ணினர். தொழிலாளர் பணி நிறுத்தி லாரியேறி ஓடிய நேரங்கள் அவை என்பது அறிந்தவருக்கே தெரியும்.

பால் காய்ச்சிய அன்று நான் போயிருந்தேன். வழவழப்பாகப் பூசாத கான்கிரீட்டில் வார்ப்புப் பலகைகளின் மரவரிகள் அப்படியே பதிந்திருந்தன. பூசி வெள்ளையடித்தால் நன்றாயிருக்கும் என்று விருந்தினர் சிலர் முணுமுணுத்தனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பட்டுச் சேலை முழுவதையும் ஒரே கோட்டுக்காக நெய்தவன்போல், என் தமையனார் ஓர் இடைவெளிக்காக ஒரு வீட்டை வரைந்திருந்தார். பிற்பகலில் வெயில் சாய்ந்தது. கூடத்தில் ஒரு கீற்றும் விழவில்லை. கடல் மட்டும் துண்டுதுண்டாக ஒளிர்ந்தது. அம்மையார் விருந்தினரை மறந்து பலகைகளின் அருகே அமர்ந்து, இலையில் சோறு வைத்து, உட்கார்ந்தே உண்டார். முதலாளி அதைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு முற்றத்துக்குச் சென்றுவிட்டார். நான் அறிந்தவரை, தமையனார் தம் தொழிலில் பெற்ற பாராட்டுகளில் அதற்கு நிகரானது இல்லை. அவரும் அதைப் பார்த்தார். உடனே குனிந்து, தரையின் சரிவில் ஒரு கோலிக்குண்டை உருட்டி, அது கடலை நோக்கி ஓடுகிறதா என்று சோதித்தார்.

சில மாதங்களில் எனக்கு மந்தின் ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாயிற்று. அதன்பின் அவ்வீட்டுக்கு நான் சென்றதில்லை, தமையனாரும் சென்றதில்லை.

எஞ்சியவை எனக்குத் தெரியாதவை. பங்களாவை நோக்கிச் சுட்டவர் யார் என்பது தெரியாது. வன்மையான சுமாத்ராக் காற்றில் மழைநீர் உண்மையாகவே வந்த வழியே திரும்பியதா என்பதை எவரும் எங்களிடம் சொல்லவில்லை. முதலாளி தோட்டத்தை விற்ற பிறகு அவ்வீடு யார் கைக்குப் போயிற்று, இன்று நிற்கிறதா என்பதையும் நான் அறியேன். அம்மையார் அங்கே பகலில் மூச்சு முட்டாமல் இருந்தார் என்பதற்கு நானே சான்று. மூட முடியாத அந்தக் கூடத்தில் இரவில் அவர் அச்சமின்றி உறங்கினாரா என்பது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.